சோம்பு எண்ணெய்: எதற்கு உதவும், யாருக்கு ஆகாது?

பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத குழந்தை. மாலை ஆறு மணியானால் அழத் தொடங்கிவிடும். முகம் சிவக்கும், கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும், பால் கொடுத்தாலும் தோளில் போட்டுத் தட்டினாலும் அடங்காது. என் அக்காவின் பிள்ளை இப்படி அழுத மூன்றாம் நாள், தோட்டத்திலிருந்து வந்திருந்த அத்தை தன் கைப்பையிலிருந்து விரலளவு புட்டி ஒன்றை எடுத்தார். பாசார் மாலாமில் வாங்கியதாம். மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் சோம்பு மணம்.

"ரெண்டு சொட்டு நாக்குல வெச்சா காத்து பிரிஞ்சிரும்மா. ஒங்கள எல்லாம் சோம்புத் தண்ணி குடுத்துத்தான வளத்தோம்" என்றார்.

அக்கா கொடுக்க விடவில்லை. அத்தைக்கு மனவருத்தம். "படிச்சவங்க" என்று ஒரு சொல்லோடு புட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. சோம்புத் தண்ணீர் கொடுத்து நம்மை வளர்த்தது உண்மை. ஆனால் அந்தப் புட்டியில் இருந்தது சோம்புத் தண்ணீர் அல்ல. இரண்டுக்கும் மணம் ஒன்று, அளவு வேறு. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எந்தச் சோம்பு?

முதல் சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது. நாம் கடையில் சோம்பு என்று கேட்டு வாங்குவதும், மலாய்க்காரர்கள் ஜிந்தான் மானிஸ் என்பதும் பெரும்பாலும் பெருஞ்சீரகம். மீன் கறிக்கும் வடைக்கும் போடுவது இதுதான். புட்டியில் 'அனிஸ்' என்று எழுதி விற்கப்படும் எண்ணெய் வேறொரு செடியின் விதையிலிருந்து வருவது. அதன் தாவரவியல் பெயர் பிம்பினெல்லா அனிசம். கிழக்கு மத்தியதரைக் கடற்கரையும் எகிப்தும் அதன் பழைய பூமி. துருக்கி, சிரியா, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் இன்றும் பயிராகிறது. பெருஞ்சீரகத்தைவிடச் சிறிய, உருண்டை வாக்கான, சாம்பல் பச்சை நிற விதை. பழைய ரோமானியர்கள் பெரிய விருந்துக்குப் பின் இதைச் சேர்த்துச் சுட்ட பணியாரம் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கடை வாசலில் நாம் ஒரு சிட்டிகை சோம்பை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வருவதும் அதே காரணத்துக்காகத்தான்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடும் நட்சத்திர வடிவப் பூ. நாம் அன்னாசிப்பூ என்போம், மலாயில் பூங்கா லாவாங். சீனாவின் தென்பகுதியிலும் வியட்நாமிலும் வளரும் மரத்தின் காய் அது. சோம்புச் செடிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் அதன் எண்ணெயும் 'அனிஸ் எண்ணெய்' என்ற பெயரிலேயே கடைக்கு வருகிறது.

இம்மூன்றுக்கும் ஒரே மணம் வருவதற்குக் காரணம் அனெதோல் என்னும் பொருள். அனிஸ் எண்ணெயிலும் அன்னாசிப்பூ எண்ணெயிலும் பத்தில் எட்டு ஒன்பது பங்கு அதுதான். பெருஞ்சீரக எண்ணெயில் அளவு சற்றுக் குறைவு, கூடவே கசப்பும் கற்பூர வாடையும் தரும் ஃபென்கோன் சேர்ந்திருக்கும். ஆகவே கீழே சொல்லப்படுவதில் பெரும்பகுதி மூன்று எண்ணெய்களுக்கும் பொருந்தும்.

ஒரு துளி என்றால் எவ்வளவு?

விதையை இடித்து, நீராவியில் வேகவைத்து, ஆவியோடு வரும் எண்ணெயைக் குளிரவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். நூறு கிராம் அனிஸ் விதையில் இரண்டு முதல் ஆறு கிராம் வரைதான் எண்ணெய் இருக்கும். இரண்டரை கிராம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அத்தை வாங்கிய 5 மில்லி புட்டிக்குள் ஏறக்குறைய 200 கிராம் விதையின் சாரம் அடங்கியிருக்கிறது. மாவு சலிக்கும் பாட்டிகளுக்கு 200 கிராம் சோம்பு என்றால் எவ்வளவு என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு விதமாகப் பார்க்கலாம். ஒரு மில்லி எண்ணெயில் சுமார் 20 துளி. அப்படியானால் ஒரு துளியில் 45 மில்லிகிராம் அளவுக்கு அனெதோல் இருக்கும். உணவில் சேரும் பொருள்களை ஆராயும் உலகச் சுகாதார நிறுவனம் மற்றும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் கூட்டு வல்லுநர் குழு, அனெதோலை ஒருவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை என்று வகுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அது 120 மில்லிகிராம். அதாவது மூன்று துளிக்கும் குறைவு. 4 கிலோ குழந்தைக்குக் கணக்குப் போட்டால் 8 மில்லிகிராம். ஒரே துளி அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அத்தை வைக்க நினைத்தது இரண்டு சொட்டு. அதிலும் இத்தகைய வரம்புகள் பிறந்த முதல் சில வாரங்களில் இருக்கும் சிசுக்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை அல்ல. அந்த வயதில் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முழுவேலைக்கு வந்திருக்காது.

பாட்டி கொடுத்த சோம்புத் தண்ணீரின் கதை வேறு. ஒரு சிட்டிகை விதையைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் எண்ணெயில் சிறு பங்குதான் நீரில் இறங்கும். அதிலிருந்து பாலாடையில் ஓரிரு கரண்டி. அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அனுபவத்தை அப்படியே புட்டி எண்ணெய்க்கு மாற்றிப் பொருத்துவதுதான் தவறு.

உண்மையில் எதற்கு உதவுகிறது?

வாயு, வயிற்று உப்புசம், அதோடு வரும் லேசான இழுத்துப்பிடிக்கும் வலி. இவைதான் சோம்பின் பழைய வேலை. குடல் சுவரில் உள்ள தசைகளைத் தளர்த்தும் தன்மை அனெதோலுக்கு இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. மூச்சுக்குழாய்த் தசையிலும் அதே விளைவு தெரிகிறது. சளி இருமலுக்கான மருந்துகளில் அனிஸ் சேர்க்கப்படுவதன் பின்னணி இது.

ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு, அனிஸ் விதையை உப்புசத்துக்கும் சளி இருமலுக்கும், அனிஸ் எண்ணெயைச் சளி இருமலுக்கு மட்டும் 'பாரம்பரியப் பயன்பாடு' என்ற தலைப்பில் ஏற்றுள்ளது. நீண்டகாலமாகப் பயன்பாட்டில் இருப்பதை வைத்துத் தரப்படும் ஏற்பு இது. பெரிய மருத்துவ ஆய்வுகளால் நிறுவப்பட்டது என்று பொருள் அல்ல. எண்ணெயின் அளவும் பெரியவர்களுக்கு மட்டும்தான் சொல்லப்பட்டுள்ளது. ஒரு வேளைக்கு ஒன்று முதல் நான்கு துளிவரை, நாளைக்கு மூன்று வேளை, அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு எண்ணெய் பரிந்துரைக்கப்படவில்லை. மேலே சொன்ன உணவு வரம்பைவிட இது அதிகம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மருந்தாகச் சில நாள் எடுப்பதற்கும் ஆயுள் முழுதும் உணவில் சேர்ப்பதற்கும் கணக்கு வேறு. அதனாலேயே இதை மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் நாமே தொடங்கக்கூடாது.

ஈரானில் இதைப் பற்றி அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். எரிச்சல் குடல் நோயோடு மனச்சோர்வும் உள்ள 120 பேரிடம், அனிஸ் எண்ணெய் அடைத்த, குடலில் போய்க் கரையும் குளிகையைக் கொடுத்துப் பார்த்தபோது, வெறும் குளிகை எடுத்தவர்களைவிடச் சோர்வு குறைந்தது. செரிமானக் கோளாறு உள்ளவர்களுக்கு விதைப்பொடி கொடுத்த ஆய்விலும் நல்ல பலன் கிடைத்தது. மாதவிடாய் நிற்கும் காலத்து உடற்சூட்டுக்கும் சோதித்திருக்கிறார்கள். எல்லாம் சிறிய ஆய்வுகள், சில வாரங்களில் முடிந்தவை. நம்பிக்கை தருகின்றன என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. தேங்காய் எண்ணெய், அனிஸ் எண்ணெய், மனோரஞ்சித வகையைச் சேர்ந்த இலாங் இலாங் எண்ணெய் மூன்றும் கலந்த தெளிப்பானை இஸ்ரேலில் தலைப்பேனுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வழக்கமான பேன் மருந்துக்கு ஈடாக வேலை செய்தது. ஆனால் அது அளந்து தயாரிக்கப்பட்ட கலவை. வீட்டில் தேங்காய் எண்ணெயில் கண்மட்டத்துக்கு ஊற்றிப் பிள்ளையின் தலையில் தேய்த்தால் அதே பலன் வரும் என்று நினைக்க வேண்டாம். தலைத்தோல் எரியலாம், கண்ணில் வழியலாம்.

முட்டிவலி, சர்க்கரை, தூக்கமின்மை, எடைக்குறைப்பு என்று சமூக ஊடகங்களில் வரும் மற்ற எல்லாவற்றுக்கும் மனிதர்களிடம் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. குறிப்பாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அதிர்ந்தேன்.

கைக்குழந்தைக்கு ஏன் கூடாது?

வயிற்றுவலிக்காகப் பலமுறை அனிஸ் எண்ணெய் கொடுக்கப்பட்ட, பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத சிசுவுக்கு வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வு மருத்துவ ஏட்டில் பதிவாகியுள்ளது. இத்தாலியில் இரண்டு சிசுக்கள் பால் குடிக்காமல், உடல் துவண்டு, எழுப்ப முடியாத தூக்கத்தில் கிடந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை. தாய்மார்கள் பால் சுரக்கட்டும் என்று அனிஸும் பெருஞ்சீரகமும் அதிமதுரமும் கலந்த மூலிகைத் தேநீரை நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்திருந்தார்கள். நிறுத்தியதும் குழந்தைகள் தேறினார்கள். பத்தியச் சமையலில் சேரும் சோம்புக்குத் தாய்மார்கள் அஞ்ச வேண்டாம். அண்டா அண்டாவாகக் குடிக்கும் கஷாயத்துக்குத்தான் இந்த எச்சரிக்கை.

அன்னாசிப்பூவில் இன்னொரு ஆபத்து மறைந்திருக்கிறது. அதைப் போலவே தோன்றும் ஜப்பானிய அன்னாசிப்பூ நச்சுக்காய். அதில் உள்ள அனிசாட்டின் மூளை நரம்புகளைத் தூண்டி வாந்தியும் வலிப்பும் வரவைக்கும். பொடித்துவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரிக்க இயலாது. 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அன்னாசிப்பூத் தேநீர் குடித்த சுமார் 40 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 15 பேர் கைக்குழந்தைகள். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அந்தத் தேநீரையே குடிக்க வேண்டாம் என்று அறிவித்தது. கறியில் போடும் ஒரு பூவைப் பற்றி இங்கே பேச்சில்லை. குழந்தைக்கு அதைக் கொதிக்கவைத்துப் புகட்டுவதைத்தான் சொல்கிறோம்.

பிறகு அழும் பிள்ளைக்கு என்னதான் செய்வது? இந்த மாலைநேர அழுகை பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கிவிடும். எண்ணெய் கொடுத்தாலும் அடங்கும், கொடுக்காவிட்டாலும் அடங்கும். பல கை வைத்தியங்கள் பெயர் வாங்கியது இப்படித்தான். பால் கொடுத்தபின் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விடவைப்பது, மார்போடு அணைத்து நடப்பது, வெறும் தேங்காய் எண்ணெய் தொட்டு வயிற்றை வலச்சுற்றாக இதமாகத் தடவுவது ஆகியவை போதும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

காய்ச்சல் 38 பாகைக்கு மேல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பது, வயிறு கல்லாக வீங்குவது, உடல் துவள்வது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது வாயு அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மேலே பூசும் எண்ணெய்கள்

இந்தோனேசியாவிலிருந்து வரும் மின்யாக் தெலோன் இன்று நம் வீடுகளிலும் இருக்கிறது. தெலோன் என்பது மூன்றைக் குறிக்கும் சாவகச் சொல்லிலிருந்து வந்தது. தேங்காய் எண்ணெய், காயு பூத்தே, அடாஸ் என்னும் பெருஞ்சீரக எண்ணெய். சில புட்டிகளில் பெருஞ்சீரகத்துக்குப் பதில் அனிஸ் எண்ணெய் இருக்கும். இது மேல்பூச்சு மட்டுமே. மூக்குக்கும் வாய்க்கும் கிட்டே கொண்டுபோகக்கூடாது, காரணம் காயு பூத்தேயின் காரம் சிசுவின் மூச்சைத் தடுமாற வைக்கும். பிள்ளை கையால் தொட்டு வாயில் வைக்கும் இடங்களிலும் பூச வேண்டாம். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தை என்றால், கற்பூரம் முதலியவை கலந்த எந்தத் தைலத்தையும் மருத்துவரைக் கேட்காமல் பூசக்கூடாது. மலேசியாவில் பிறந்தவுடனே தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. முடிவு குழந்தையின் பதிவேட்டில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

பெரியவர்கள் அனிஸ் எண்ணெயைத் தேய்த்துக்கொள்வதானால் நேரடியாக வேண்டாம். 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ பத்துத் துளி போதும். முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். தண்ணீரில் கலந்தால் பத்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது. துருக்கியரின் ராக்கி என்னும் சோம்பு மதுவில் தண்ணீர் ஊற்றியதும் பால்போல் வெண்மையாவது, மதுவில் கரைந்திருந்த அனெதோல் தண்ணீர் பட்டதும் பிரிந்து வருவதால்தான். குளியல் வாளியில் விட்ட துளியும் அப்படியே மிதந்து, முதலில் படும் தோலைத்தான் சுடும்.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த எண்ணெயை உட்கொள்ள வேண்டாம். அனெதோலுக்குப் பெண்மைச் சுரப்புநீரான ஈஸ்ட்ரோஜனைப் போன்ற மெல்லிய செயல் உண்டு. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், கருப்பைக் கட்டி உள்ளவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. வலிப்பு நோயாளிகள், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. கொத்தமல்லி, சீரகம், செலரி இவற்றில் ஏதேனும் ஒவ்வாத உடம்பு என்றால் அனிஸும் ஒவ்வாமல் போகலாம், எல்லாம் ஒரே குடும்பம்.

எண்ணெயில் சிறிய அளவில் எஸ்ட்ராகோல் என்ற பொருளும் இருக்கிறது. எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது கல்லீரலில் புற்று உண்டாக்கியது. வாரத்தில் இரண்டு நாள் சோம்பு போட்டுச் சமைப்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். மாதக்கணக்கில் தினமும் துளித்துளியாகக் குடிப்பவர் கவலைப்பட வேண்டும்.

புட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது?

அன்று அத்தையின் புட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மணம் என்ன என்பதைத் தவிர வேறு எந்த விவரமும் இல்லை. எந்தச் செடி, எந்த நாடு, எப்போது காலாவதி, எதுவும் கிடையாது. மலேசியாவில் மருந்தாக விற்கப்படும் பாரம்பரியத் தைலங்கள் சுகாதார அமைச்சின்கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அட்டையில் எம்.ஏ.எல். என்று தொடங்கி, எண்களுக்குப்பின் டி என்ற எழுத்தில் முடியும் பதிவு எண்ணும், மினுமினுக்கும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். பதிவு எண்ணை முகமையின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். வாசனைக்காக மட்டும் விற்கப்படும் எண்ணெய்க்கு இந்த எண் இருக்காது, அப்படியென்றால் அது வாய்க்குள் போவதற்கு உரியதல்ல.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெட்டியாகும் எண்ணெய்தான் அசல் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அனெதோல் 21 பாகைக்குக் கீழே உறையும், ஆகவே பாதி உண்மை. அன்னாசிப்பூ எண்ணெயும், ஆலையில் செய்த செயற்கை அனெதோலும்கூட அப்படியே உறையும். உறைந்திருந்தால் புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்திவைத்து, முழுதும் உருகியபின் குலுக்கிப் பயன்படுத்துங்கள். பழசாகி மணம் மாறியதைத் தோலில் பூசாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது மிக முக்கியம், ஏனென்றால் மணம் மிட்டாய் போல இருப்பதால் குழந்தைகள் தயங்காமல் குடித்துவிடுவார்கள்.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை மோசமாகும். பாலும் மோரும் ஊற்ற வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு, புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தையும் 1-800-88-8099 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். எத்தனை துளி போயிருக்கும், எத்தனை மணிக்கு, குழந்தையின் எடை எவ்வளவு என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.